ஆச்சு என்று சொல்லும் வரை

ஜம்பு சார் தமிழில் பேச ஆரம்பித்தால் ஜோஸ்பின் உஷாராகிவிடுவாள். மும்பை செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினான்கு வருஷமாக அவருக்குக் கீழே வேலை பார்க்கிறாள். மற்ற நாட்களில் அவர் அவளிடம் பேசுவது இந்தி, அதுவும் நாலு பேர் காதில் விழும்படியான இந்தி. தமிழ் வெளியே வந்தால் அவருக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் மாட்டுங்காவில் பிறந்து மாட்டுங்காவிலேயே நரைத்த மனிதர். அவள் தாராவி. வேலைக்கு மனுப் போட்டபோது, தெருவில் எல்லோரும் செய்கிறபடி, விலாசத்தில் தாராவியை விட்டுவிட்டு 'சயான்' என்று எழுதியிருந்தாள். சேர்ந்த முதல் வாரமே அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில், பத்துப் பேர் நடுவில் இந்தியில் கேட்டார். "சயானில் எந்தப் பக்கம்? நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கமா?" அது தாராவிக்குள் ஓடும் ரோடு என்று தெரிந்து எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. செரிக்க வேண்டும் என்று அவள் முயற்சி செய்யவும் இல்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கையில் ஒரு டிப்ளமா மட்டும். வீட்டில் அம்மா ஏஞ்சலம்மாள். சர்வர் அறைச் சாவி ஜோஸ்பினிடம் இருந்தது. அந்தச் சாவியை அவள் கழுத்து நாடாவில் அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பாள். அந்த அறையில் அவளுக்குப் பெருமையாக ஒன்று உண்டென்றால் அது அவளே எழுதிய பேக்அப் ஏற்பாடுதான்.

கூடத்தின் சர்வர் பழையது. டிஸ்கில் இடமே கிடையாது. நோயாளிகள், ரிப்போர்ட்டுகள் என்று மொத்த டேட்டாபேஸையும் ஒரு ஃபைலாக இறக்கி, பிறகு அதை பேக்அப் சாஃப்ட்வேர் டேப்பில் எழுதவேண்டும் என்றால், இறக்கிவைக்க இடம் வேண்டுமே. புது டிஸ்க் கேட்டால் ஜம்பு சார் அடுத்த வருஷம் என்பார். ஆறு வருஷம் அடுத்த வருஷமாகவே போனது. கடைசியில் அவள் டிஸ்க் இல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்தாள். சர்வரில் பெயர் வைத்த பைப் என்று ஒன்றை உண்டாக்கலாம். பார்வைக்கு அது ஒரு ஃபைல். பெயர் இருக்கும், உள்ளே எதுவும் தங்காது. ஒரு முனையில் டேட்டாபேஸ் ஊற்ற ஊற்ற மறுமுனையில் பேக்அப் சாஃப்ட்வேர் அதை ஏதோ சாதாரண ஃபைல் என்று நினைத்துப் படித்துக்கொண்டே டேப்பில் எழுதும். டிஸ்கில் ஒரு பொட்டு இடம் பிடிக்காது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஊற்றுகிற புரோகிராம் நடுவழியில் செத்துப் போனாலும், படிக்கிற பேக்அப்புக்குத் தெரிவதெல்லாம் வரத்து நின்றுவிட்டது என்பது ஒன்றுதான். ஊற்றி முடித்து நின்றதா, செத்து நின்றதா என்று அதற்குத் தெரியாது. நின்றால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, வெற்றி என்று பச்சை மெயில் அனுப்பிவிட்டுப் போய்விடும். ஜோஸ்பின் அதை நம்பவில்லை. ஊற்றுகிற புரோகிராமிடமே கேட்க வைத்தாள். அது ஒழுங்காக முடித்தேன் என்று பதில் சொன்னால்தான் பச்சை. பதில் வராவிட்டாலோ, தப்பு என்று வந்தாலோ, அன்றைய பேக்அப் செல்லாது, சிவப்பு மெயில். அதற்கு ஏழு வரி எழுதினாள். மேலே தன் பெயரையும் போட்டாள். ஐந்து வருஷம் அந்த ஏழு வரியும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவர்கள் தங்கள் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி ஜம்பு சாரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். அங்கே குருவாயூரப்பன் படம், ரயில் டைம்டேபிள், இவர்களுடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். தப்பான வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தாள். போன செப்டம்பரில் பாந்த்ரா மாதா திருவிழாவுக்கு நாலு நாள் லீவு எடுத்தபோதும் வைத்தாள். ஏஞ்சலம்மாள் வருஷாவருஷம் அங்கே காணிக்கை மெழுகுக் கடை போடுவாள். கை நோவுக்கு மெழுகுக் கை, கால் நோவுக்கு மெழுகுக் கால், வீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு. திங்கள் முதல் வியாழன் வரை ஜோஸ்பின் அங்கே நின்று மெழுகுக் கைகால் விற்றுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால் செவ்வாயும் புதனும் சிவப்பு மெயில், வியாழன் பச்சை. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"வெண்டர் கம்பெனிப் பையன் வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டான்," என்றார் ஜம்பு சார். தமிழில் சொன்னார். அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, அங்கீகாரக் குழு சோதனைக்கு வரும் நாள் என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஓடினாள். அதற்குப் பிறகு பத்து மாதம் தினமும் பச்சை மெயில் வந்தது. டேப்பில் ஏறும் அளவு நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. மெயிலில் மூன்றாவது வரியில் அது இருந்தது. அவள் முதல் வரியோடு மூடிவிடுவாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வர் அறை ஏசி ஒழுகியது. அது ஒழுகும் என்று எல்லோருக்கும் தெரியும், கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாளியைக் காலி செய்ய ஆளில்லை. திங்கள் காலை டிஸ்குகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன.

ஜம்பு சார் பதறவில்லை. "பேக்அப் இருக்கோல்லியோ, எடு," என்றார். அவள் எடுத்தாள். முந்தின நாள் டேப், போன வாரத்து டேப், ஜூன் டேப், மார்ச் டேப். எல்லாமே ஒரே இடத்தில் அறுந்திருந்தன. டேட்டாபேஸில் ஸ்லைடு படங்களுக்கான டேபிள் என்ற அட்டவணை ஒன்று செப்டம்பரிலேயே பழுதாகியிருக்கிறது. ஊற்றுகிற புரோகிராம் தினமும் அங்கே வந்து செத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வரவேண்டிய ரிப்போர்ட்டுகள் எதுவுமே டேப்புக்குப் போகவில்லை. நோயாளிகளின் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் இருந்தன. அவர்களுக்கு என்ன நோய் என்பது மட்டும் இல்லை.

அவள் பேக்அப் மெஷினில் இருந்த தன் ஏழு வரியைத் திறந்து பார்த்தாள். ஐந்து வரிதான் இருந்தது. பதிலைக் கேட்கிற மூன்று வரியையும் வெட்டிவிட்டு, எது நடந்தாலும் வெற்றி என்று சொல்ல ஒரு வரி போட்டிருந்தது. மேலே அவள் பெயர் அப்படியே இருந்தது. மாற்றிய தேதி செப்டம்பர் பதினொன்று, புதன், காலை பதினொன்று இருபது. மாற்றியவர் என்ற இடத்தில் அவளுடைய லாகின். 

கூடத்தின் சொந்தக்காரி டாக்டர் அஃப்ஷா. அதிகம் பேசாத பெண்மணி. இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் பேசுவார், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. திங்கள் மாலை இரண்டு பேரையும் தன் அறையில் நிற்க வைத்தார். ஜம்பு சார் மாற்றிய பதிவைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். "மேடம், அவள் எழுதியது, அவள் லாகினில் மாற்றியது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?" என்றார் இந்தியில்.

"நான் மாற்றவில்லை," என்றாள் ஜோஸ்பின். "அன்று நான் லீவில் இருந்தேன்."

"அதற்குப் பதிவு?"

பதிவு எங்கே இருக்கும்? வருகைப் பதிவும் செத்துப்போன அதே சர்வரில்தான் இருந்தது. டாக்டர் அஃப்ஷா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரை தருவதாகவும், அதற்குள் நிரூபணம் வராவிட்டால் கவனக்குறைவு என்று கடிதம் கொடுத்து ஜோஸ்பினை அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அந்தக் கடிதத்தோடு வெளியே போனால் மும்பையில் யாரும் அவளிடம் ஒரு சர்வர் அறைச் சாவியைத் தரமாட்டார்கள். அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஜம்பு சார் அவள் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் தமிழில் ஆரம்பித்தார். "இங்க பாரு ஜோஸ்பின், ஏதோ தெரியாம நடந்துடுத்துன்னு நீயே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. நான் அந்தம்மாகிட்ட பேசி உன் வேலைக்கு ஒண்ணும் வராம பாத்துக்கறேன். நம்ம தமிழாளா இருந்துண்டு நமக்குள்ளயே எதுக்கு?"

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக நம்ம தமிழாள். அவள் திரும்பி டாக்டர் அஃப்ஷாவைப் பார்த்து, நல்ல தாராவி இந்தியில், தெளிவாகச் சொன்னாள். "மேடம், இவர் இப்போது தமிழில் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடு, உன் வேலையை நான் காப்பாற்றுகிறேன் என்கிறார்." ஜம்பு சாரின் முகம் சுருங்கியது. அவர் அதற்குப் பிறகு அவளிடம் தமிழ் பேசவில்லை, ரொம்ப நாள்.

வீட்டில் ஏஞ்சலம்மாள் எல்லாம் கேட்டுவிட்டு, "ஏட்டி, நீ எதையும் எழுதிக் குடுத்துராத," என்றாள். "அன்னைக்கு நீ என் பக்கத்துல நின்னுல்லா மெழுகு வித்த. நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

"அம்மா சொன்னா ஒத்துக்கிடுவாவளா? பேசாம இரும்மா."

புதன்கிழமை அவள் ஹார்பர் லைன் ரயிலில் சான்பாடா போனாள். கூடத்தின் பழைய தாள்களும் மாதாமாத டேப்புகளும் அங்கே ஒரு கிடங்கில் இருந்தன. செப்டம்பர் முதல் தேதி டேப்பை எடுத்துவரத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். டேபிள் பழுதாவதற்கு முந்திய கடைசி டேப் அதுதான். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற முகம்மது ஹனீப் பழைய ஆம்புலன்ஸ் டிரைவர், யாரிடமும் சிரிக்காத ஆசாமி. டேப்பைக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கினார். ஜோஸ்பின் நகரவில்லை. லீவு பாரம் எழுதிக் கொடுத்தோமே, அந்தத் தாள்கள் எங்கே போகும் என்று இந்தியில் கேட்டாள்.

"இங்கேதான் வரும். ஏன்?"

"போன செப்டம்பர் வேண்டும்."

"அதற்குத் தனியாக லெட்டர் வேண்டும்," என்றார் ஹனீப். அவள் லெட்டர் இல்லை என்றாள். வெள்ளிக்கிழமைக்கு மேல் தனக்கு வேலையும் இல்லை என்றாள்.  அவர் எழுந்து போய், சணல் கயிறு கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "எடுத்துக்கொண்டு போகக்கூடாது. போட்டோ எடுத்துக்கொள். மேடம் போன் செய்தால் அசலை நானே கொண்டு வருகிறேன்."

பதினாறாவது தாள் அவளுடையது. செப்டம்பர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. காரணம், பாந்த்ரா திருவிழா. கீழே அனுமதித்தவர் என்ற இடத்தில் பச்சை மையில் ஜம்பு சாரின் நீளக் கையெழுத்து. மேலாளர்கள் பச்சை மையில்தான் போடுவார்கள் என்பதில் அவர் கறாராக இருப்பார். ஓரத்தில் அவரே இன்னொன்றும் எழுதியிருந்தார்: 'பாஸ்வேர்ட் பெறப்பட்டது'. ஜோஸ்பின் அதை மூன்று தடவை போட்டோ எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஹனீப் அசலைக் கொண்டுவந்து டாக்டர் அஃப்ஷாவின் மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். ஜம்பு சார் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழு வரும் வாரத்தில் சிவப்பு மெயில் வந்தால் அங்கீகாரம் போய்விடும் என்று பயந்ததாகவும், அவள் பாஸ்வேர்டைக் கம்பெனிப் பையனிடம் கொடுத்து மூன்று வரியை வெட்டச் சொன்னது தான்தான் என்றும், பழுதான டேபிளைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்து மறந்துவிட்டதாகவும் சொன்னார். மறந்தது உண்மைதான் என்று ஜோஸ்பினுக்கே தோன்றியது. திங்கள்கிழமை அதை அவள் தலையில் கட்டப் பார்த்தது மறதியில் இல்லை என்பதும் தோன்றியது.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டாக்டர் அஃப்ஷா அவளைப் பார்த்து, "உங்களிடம் தப்பே இல்லையா?" என்று கேட்டார். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி வைத்தது தான்தான் என்றாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டேப்பிலிருந்து எடுத்துப் பார்த்ததாக ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறோமே, அதற்கு எல்லோரும் செய்கிறபடி ஒரு சின்னச் சோதனை ஃபைலை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தானும் போட்டதாகச் சொன்னாள். மூன்றாவது வரியைப் படிக்கவில்லை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஜம்பு சாரின் மேல் இருந்த கோபம் குறையவில்லை, தன் மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

தீர்ப்பு இரண்டு பேருக்கும் கசந்தது. ஜம்பு சாரிடமிருந்து சர்வர் பொறுப்பு போனது. ஜோஸ்பினுக்கு எழுத்தில் எச்சரிக்கை. செப்டம்பர் டேப்புக்குப் பிறகு, மெஷின் கொடுத்த ரத்த ரிப்போர்ட்டுகளை மெஷின்களிலிருந்தே மீட்டுவிடலாம். டாக்டர்கள் கையால் எழுதிய திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் நாலாயிரத்துச் சொச்சம். அவை தாளில் மட்டும் இருந்தன, அந்தக் கையெழுத்தைப் படிக்க அந்தக் கூடத்திலேயே ஒருவரால்தான் முடியும்.

"இருபத்தெட்டு வருஷமாக நீங்கள்தான் படிக்கிறீர்கள்," என்றார் டாக்டர் அஃப்ஷா ஜம்பு சாரிடம். "நீங்கள் படியுங்கள். அவள் அடிக்கட்டும்." பிறகு ஜோஸ்பினிடம், "உங்கள் லாகினில்தான் ஏறும். இவை கேன்சர் ரிப்போர்ட்டுகள். பாதியாக ஒன்று ஏறியிருந்தாலும் அந்த எச்சரிக்கைக் கடிதத்துக்கு அடுத்த கடிதம் வரும்," என்றார்.

இப்படியாக, ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கப் பிடிக்காத இரண்டு பேர், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தாள் அவர் கையில், திரை அவள் முன்னால். அவர் இங்கிலீஷில் படிப்பார், அவள் அடிப்பாள். வேண்டுமென்றே வேகமாகப் படித்தார். கடைசி வார்த்தைகளை விழுங்கினார். முதல் நாள் மத்தியானம் ஒரு ரிப்போர்ட் நடுவில் அவருக்குப் போன் வந்தது, எழுந்து போனார். குரல் நின்றதும் முடிந்தது என்று நினைத்து அவள் சேமித்துவிட்டாள். மாலையில் சரிபார்க்கிற டாக்டர் அதைச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார், பாதி ரிப்போர்ட், முதல் நாள் என்பதால் இந்தத் தடவை மேடத்துக்குச் சொல்லவில்லை என்று.

ஜோஸ்பின் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முட்டாள் பேக்அப் சாஃப்ட்வேர் பத்து மாதம் செய்ததை அவள் ஒரே நாளில் செய்திருக்கிறாள். வரத்து நின்றது, முடிந்தது என்று எடுத்துக்கொண்டாள். தன்னைத்தானே அறையவேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை முதல் தாள் முடிந்ததும் அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். "முடிஞ்சுட்டா சார்?"

அவர் பதில் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்தார். அவள் அடிக்கவில்லை.

"கியா ஹுவா?" என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார்.

"முடிஞ்சுட்டுன்னு நீங்க சொல்லணும். சொன்னாத்தான் சேமிப்பேன்."

அவர் டாக்டர் அஃப்ஷாவிடம் போய்ப் புகார் செய்தார், தன்னைக் கிளிப்பிள்ளை மாதிரி நடத்துகிறாள் என்று. டாக்டர் கேட்டுவிட்டு, "சொல்லிவிடுங்களேன்," என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காத குறையாக, "ஆச்சு," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஆச்சு. ஒரு நாளைக்கு அறுபது ஆச்சு. அவர் இருமினாலும் தண்ணீர் குடித்தாலும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சொல்ல மறந்தால் கேட்பாள். ஆகஸ்டு போய், செப்டம்பர் போய், அந்த ஒரு வார்த்தையைத் தவிர இரண்டு பேரும் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. அவரை அதைச் சொல்ல வைப்பதில் அவளுக்கு ஒரு குரூர சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பானேன்.

அக்டோபரில் கடைசிக் கட்டு. மூன்று மணி இருக்கும். கோவண்டியில் இருக்கிற ஒரு பெண்ணின் மார்புக் கட்டி ரிப்போர்ட். அவர் படித்துக்கொண்டே வந்தார், கட்டியின் அளவு, நிறம், ஓரங்கள். நிறுத்தினார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார். தாள் கட்டிலிருந்து அடுத்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. தாளில் ஏதோ குறை இருக்கிறது. அது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஆச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சேமித்துவிடுவாள், ஏறுவது அவள் லாகினில். அடுத்த கடிதமும் அவளுக்கு. பதினான்கு வருஷமும் அந்த வெள்ளிக்கிழமையும் சேர்த்து அவர் தீர்த்துக்கொள்ளலாம். 

"ஆச்சா சார்?" என்றாள். 

ஜம்பு சார் தாளை மேசையில் அவள் பக்கம் திருப்பி வைத்தார். அடியில் பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு என்று போட்டிருந்தது. டாக்டரின் முடிவும் கையெழுத்தும் இல்லை.

"ஆகல்லே," என்றார் தமிழில். "ரெண்டாவது ஷீட் காணல்லே. சிவப்புப் போடு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே? ஆச்சுன்னு சொல்லியிருந்தா, நீ சான்பாடா வரைக்கும் போய்த் தேடி எடுத்துண்டு வந்து என் தலையிலதான் போட்டிருப்பே."

அது உண்மைதான். நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவரும் அதற்குக் காத்திருக்கவில்லை. அவள் அந்த ரிப்போர்ட்டுக்குச் சிவப்புக் குறி போட்டு, ஓரத்தில் 'முழுமையில்லை' என்று அடித்தாள். ஹனீபுக்குப் போன் செய்து இரண்டாவது தாளைத் தேடச் சொன்னாள். அவர் அடுத்த தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"படிக்கட்டுமா?" என்றார்.

"படிங்க சார்," என்று அவள் விரல்களை விசைப்பலகையில் வைத்தாள்.